இயற்பியல் ஆசிரியர் வேண்டும்: முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு தாய் எழுதுகிறேன். இயற்பியல் ஆசிரியர் பணியிடம் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடப்பது தங்களுக்குத் தெரியும். மூன்று முறை தீர்மானம் போட்டு அனுப்பிவிட்டோம். போன வாரம் நேரில் வந்து கேட்டபோது, “உங்கள் பள்ளியில்தான் மாணவியர் தேர்ச்சி நன்றாக இருக்கிறதே?” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இருக்கிறது ஐயா. 2025 பிளஸ் டூ தேர்வில் மாநில அளவில் மாணவியர் 96.70 சதவீதம், மாணவர் 93.16 சதவீதம். எங்கள் பெண்களும் அந்தக் கணக்கில் உண்டு. எதைக் கற்றுத் தேறினார்கள் என்று அந்தக் கணக்கில் இல்லை.

பத்தாம் வகுப்பில் என் மகள் 462, கொழுந்தனார் மகன் 371. அவன் பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போகிறான். சிறப்பு வகுப்பு முடிந்து ஊர் விலக்கில் இறங்கும்போது மணி எட்டு. அங்கிருந்து கருவேலங்காட்டு வழியே மூன்று கிலோமீட்டர் நடை. அந்த இருட்டில் பெண்ணை அனுப்ப எந்த வீட்டுக்கும் மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. உள்ளூர் அறிவியல் பிரிவில் மிஞ்சியிருக்கும் 23 பேரில் 20 பேர் பெண்கள்.

மகளின் ரெக்கார்டு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கம்பியின் தடிமனை அளக்கும் திருகு அளவியின் படம், கீழே அளவுகள் வரிசையாக, திருத்தமான கையெழுத்தில். “நீ அளந்ததா?” என்றேன். முன்பு படித்த ஓர் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதினாளாம். கருவி கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிறது. ஒருநாளும் தொட்டதில்லை என்று சொல்லும்போதே அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020 முதல் இருக்கிறது. நீட் தேர்வில் கால்வாசி மதிப்பெண் இயற்பியலுக்கு. எங்கள் பெண்கள் அந்தக் கால்வாசிக்கு யாரிடம் போய்ப் படிப்பார்கள்? தற்காலிக ஆசிரியரை நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்றீர்கள். வைத்தோம். இரண்டே மாதத்தில் டவுன் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார். ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு நடக்கும்போதெல்லாம் இங்கிருந்து டவுனுக்குப் போகிறவர்களைத்தான் பார்க்கிறோம், வருகிறவர் ஒருவருமில்லை. பஸ் இல்லை, ஆசிரியர் இல்லை, கேட்டால் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டுகிறீர்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன் நிரந்தர இயற்பியல் ஆசிரியர் ஒருவரை நியமிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவரை வாரம் இரண்டு நாளாவது மாற்றுப் பணியில் அனுப்புங்கள். அலமாரிச் சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பிளஸ் டூ போகவிருக்கும் ஒரு மாணவியின் தாய்