நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குப்பத்துப் பெரியவர்களே, சங்க உறுப்பினர்களே,

வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி கூட்டப்பட்டுள்ள இப்பொதுக்குழுவின் முன், 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன். செயற்குழு இவ்வாண்டு எடுத்துக்கொண்ட பணிகளில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியவை என்பதால், இவ்வறிக்கையும் அதையே விரிவாகப் பேசுகிறது.

நீலாங்கரையிலிருந்து உத்தண்டி வரையிலான நமது பகுதி, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பு. இங்கே பெய்யும் மழை மணலில் உடனே இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. இறங்குவதைவிட அதிகமாக எடுத்தால் கடல்நீர் உள்ளே நகர்ந்துவிடும். திருவான்மியூருக்குத் தெற்கே நீளும் இதே மணற்படுகையிலிருந்து சென்னை நகருக்குக் குடிநீர் எடுக்கப்பட்ட காலமும் உண்டு. 1987-இல் சென்னைப் பெருநகரப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பின்னரும், தெருவுக்குத் தெரு போர்வெல் பெருகியதை நாம் அனைவரும் அறிவோம். நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துடன், நாளொன்றுக்கு 150 மில்லியன் லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையமும் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது நல்ல செய்தியே. ஆனாலும் வீட்டுக் கிணறு உப்பேறிய பிறகு கடல்நீரைக் காய்ச்சாத குறையாகச் சுத்திகரித்துக் குடிப்பது, கையிலிருந்ததை விட்டுவிட்டு விலைக்கு வாங்குவதாகவே செயற்குழுவுக்குப் படுகிறது.

மழைநீர் வடிகால் குறித்து உறுப்பினர்களிடையே இரு கருத்துகள் இருந்ததால் அதைச் சற்று விளக்க வேண்டும். 2020-இல் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களில் கான்கிரீட் வடிகால் அமைக்கும் திட்டத்தைக் குடியிருப்போர் பலர் எதிர்த்ததும், அது பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதும் நினைவிருக்கும். இவ்வாண்டு அக்டோபர் நடுவில் பெய்த கனமழையின்போதும், நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் செயற்குழு தெருக்களைப் பார்வையிட்டதில், ஓரத்து மணல் மூடப்படாத தெருக்களில் தண்ணீர் விரைவாக வடிந்ததும், சுவருக்குச் சுவர் சிமென்ட் போடப்பட்ட தெருக்களில் மட்டும் தேங்கி நின்றதும் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே கடலோரத் தெருக்களுக்கு வடிகால் வேண்டாம், உறிஞ்சுகுழிகளும் திறந்த மண் ஓரங்களும் போதும் என்று தீர்மானம் நிறைவேற்றினோம். கால்வாயை ஒட்டிய தெருக்களின் நிலை வேறு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வெள்ளம் ஒக்கியம் மடுவு என்னும் நீர்வழியாக இறங்கி, பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் முகத்துவாரத்தைத் தேடிப் போகும்போது அவர்கள் வாசலைத் தொட்டுத்தான் போகிறது. அவர்களுக்கு வடிகாலும் வேண்டும், கால்வாயைத் தூர்வாரவும் வேண்டும். இரு கோரிக்கைகளையும் ஒரே மனுவில் வைத்தால் ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடுவார்கள் என்பதால், தனித்தனியாகவே அளித்திருக்கிறோம்.

இதைவிட அவசரமானது பாதாளச் சாக்கடை. நாம் எந்த மணலிலிருந்து குடிநீர் எடுக்கிறோமோ, அதே மணலில்தான் செப்டிக் டேங்குகளின் கசிவும் இறங்குகிறது. இணைப்பு முழுமையாகக் கிடைக்காத தெருக்களின் பட்டியலைத் தயாரித்து உரிய அலுவலகத்தில் கொடுத்துள்ளோம். ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் வரவில்லை. 2011-இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது நம் ஊராட்சிகள் அதில் சேர்க்கப்பட்டன. அதன் பிறகும் 2018 வரை, வரியைச் சென்னைக்குக் கட்டிவிட்டுப் பட்டாவுக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தை நாடிய அனுபவம் நமக்கு உண்டு என்பதால், பொறுமையை நாம் புதிதாகப் பழக வேண்டியதில்லை.

சாலையைப் பொறுத்தவரை, திருவான்மியூர் முதல் உத்தண்டி வரை உயர்மட்டச் சாலை அமைக்கப்படும் என 2025 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் தூண்கள் எங்கே வரும், பாதசாரிகள் எங்கே கடப்பார்கள், குப்பத்துப் பெண்கள் மீன்கூடையுடன் பேருந்துக்கு எங்கே நிற்பார்கள் என்பவை வரைபட நிலையிலேயே தீர்க்கப்பட வேண்டும் எனக் கேட்டிருக்கிறோம்.

ஜனவரியில் நம் கடற்கரையில் பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) பெரும் எண்ணிக்கையில் செத்து ஒதுங்கியபோது, பழி முதலில் குப்பத்து ஃபைபர் படகுகளின் மேல்தான் விழுந்தது. ஆனால் ஆமைகள் சிக்கிச் சாவது பெரும்பாலும் விசைப்படகுகளின் இழுவலைகளில் என்பதால், கரையிலிருந்து 5 கடல் மைல்களுக்குள் விசைப்படகுகள் இழுவலை போடுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கண்டிப்புடன் செயல்படுத்த வேண்டுமென்று குப்பத்து உறுப்பினர்கள் கொண்டுவந்த தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசைக்கே நகரும் என்பதால், கடற்கரையை ஒட்டிய வீடுகளும் விடுதிகளும் ஜனவரி முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை அணைக்குமாறு கேட்டுக்கொண்டோம். வீடுகள் பெரும்பாலும் இசைந்தன. விடுதிகளிடம் மீண்டும் பேச வேண்டியிருக்கிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுமாறும், இவ்வறிக்கைக்குப் பொதுக்குழு ஒப்புதல் அளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்