வருஷத்துக்கு ஒருநாள் நடந்தா போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ல நம்ம இந்தியர் சங்கங்கள் வருஷத்துக்கு ஒருதடவை குடும்ப நடை நடத்துறாங்க, நல்ல விஷயந்தான், வேணாம்னு சொல்லல. ஆனா டீ-சட்டை கொடுத்து, மேடை போட்டு, சிறப்பு விருந்தினர் வர்ற வரைக்கும் வயசானவங்கள வெயில்ல நிக்க வெச்சு, கொஞ்ச தூரம் நடந்ததும் கையில பிரியாணிப் பொட்டலத்தக் கொடுத்து அனுப்புனா சர்க்கரை எங்கேருந்து இறங்கும்? சீனர்கள விட மலாய்க்காரங்ககிட்டயும் நம்மகிட்டயும்தான் நீரிழிவு அதிகம், 2016ல அரசாங்கம் நீரிழிவுக்கு எதிரா போர்னே அறிவிச்சாச்சு, நாம இன்னும் வருஷத்துக்கு ஒருநாள் நடந்துட்டு போட்டோ எடுத்துக்கிட்டு இருக்கோம்.

இத்தனைக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்ல ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில 7.30க்கு பார்க்ரன்னு, பூங்காவுல ஓடலாம் நடக்கலாம்ங்கிற ஒரு நிகழ்ச்சி நடக்குது. 2014லருந்து நடக்குது, அஞ்சு கிலோமீட்டர், காசு கிடையாது, நடத்துறவங்க எல்லாருமே தொண்டூழியர்கள். இதோட ஆரம்பம் லண்டன் புஷி பார்க்ல, 2004ல காயம்பட்டு ஓட முடியாம இருந்த பால் சின்டன்-ஹியூவிட்னு ஒருத்தர் கூட்டாளிங்கள வெச்சு ஆரம்பிச்சாரு, அன்னிக்கு ஓடுனது 13 பேருதான், இப்ப எத்தனையோ நாட்டுல நடக்குது.

எங்க பிடோக் பக்கத்துல தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா உடனே வர்ற பதில் "ஐயோ ஓட்டப்பந்தயமா, முட்டி வலி எனக்கு". அக்கா, யாரு உங்கள ஓடச் சொன்னது? நடங்க. இங்க டெயில் வாக்கர்னு ஒருத்தர் இருப்பாரு, எல்லாருக்கும் பின்னாடி கடைசியா வர்றதுதான் அவரோட வேலையே, அதனால நீங்க எவ்வளவு மெதுவா வந்தாலும் கடைசி ஆள் நீங்க இல்ல. 2024ல பார்க்ரன்காரங்க வேக சாதனைப் பட்டியலையெல்லாம் வெப்சைட்லருந்து எடுத்துட்டாங்க, அதுக்கு வேகமா ஓடுறவங்ககிட்டருந்து நிறைய எதிர்ப்பு வந்துச்சு, என்னயக் கேட்டா செஞ்சது சரிதான், புதுசா வர்றவங்க அந்தப் பட்டியலப் பார்த்துதான் பயப்படுறாங்க. பஞ்சாபி சூட்டும் கேன்வாஸ் ஷூவும் போட்டுக்கிட்டு, கடல்ல நிக்கிற கப்பலயெல்லாம் பார்த்துக்கிட்டு, மருமக கதைய பேசிக்கிட்டே நடக்கிற ஆன்டிங்கள நானே பார்த்திருக்கேன், எதிர்ல ஓடி வர்ற பசங்க மூச்சு வாங்கிக்கிட்டே அவங்களுக்கு கை தட்டிட்டுப் போவாங்க.

உண்மையான தடை எங்க இருக்குன்னா பதிஞ்சுக்கிறதுலதான். ஆன்லைன்ல ஒரே ஒருதடவை பேர் பதியணும், ஃபாரம் இங்கிலீஷ்ல இருக்கும், ஈமெயில் வேணும், அதுக்கப்புறம் ஒரு பார்கோடு வரும். நம்ம அப்பா அம்மா பலபேருக்கு ஈமெயிலே கிடையாது, இருந்தாலும் பாஸ்வேர்ட் மகனுக்குத்தான் தெரியும். பிள்ளைங்க ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து செஞ்சு கொடுத்தா போதும், பார்கோட பிரிண்ட் பண்ணி லேமினேட் போட்டு கையில கொடுத்துடுங்க, போன்ல வெச்சுக்கலாம்தான், ஆனா வேர்த்த கையோட போனத் தடவிக்கிட்டு நிக்கிறது பெரியவங்களுக்குத் தோதுப்படாது. முடிக்கிற இடத்துல நம்பர் போட்ட ஒரு சின்ன டோக்கன் கொடுப்பாங்க, பார்கோடையும் அதையும் ஸ்கேன் பண்ணிட்டு டோக்கன திருப்பிக் கொடுத்துடணும். சிலபேர் மறந்துபோய் அத பாக்கெட்லயே போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க, அப்புறம் தொண்டூழியம் செய்யுற நாங்க உட்கார்ந்து எந்த நம்பர் காணோம்னு தேடிக்கிட்டு இருப்போம்!

போக்குவரத்தும் இப்ப ஒரு சாக்கு இல்ல. 2024 ஜூன்ல தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையில மரின் பரேட், மரின் டெரஸ், சிக்லாப் நிலையமெல்லாம் திறந்தாச்சு, ரயில விட்டு இறங்கி சுரங்கப்பாதை வழியா அந்தப் பக்கம் போனா கடற்கரைதான். முடிச்சதும் பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கொசோங் ஒண்ணு குடிக்கலாம், பரோட்டா பக்கம் மட்டும் போயிடாதீங்க, நடந்ததெல்லாம் வீணாப் போயிடும்.

சங்கத்துக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடைக்கு ஆகிற செலவுல ஒரு பங்க எடுத்து, உட்லண்ட்ஸ், புக்கிட் பாத்தோக் மாதிரி தூரத்துல இருக்கிற பெரியவங்களுக்கு மாசம் ஒரு சனிக்கிழமை பஸ் ஏற்பாடு பண்ணுங்க, பேர் பதியறதுக்கும் ரெண்டு இளைஞர்கள விட்டு உதவி செய்யச் சொல்லுங்க. பஸ் ஏழு பத்துக்கெல்லாம் வந்துடணும், ஏன்னா புதுசா வர்றவங்களுக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தனியா ஒரு விளக்கம் கொடுப்பாங்க, அது இங்கிலீஷ்லதான் இருக்கும், பக்கத்துல நின்னு தமிழ்ல சொல்றதுக்கு நான் வர்றேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பிடோக்