ஷிகிகாமி நேற்று முளைத்ததல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் அனிமே கட்டுரையில், ஷிகிகாமி என்பது (ஜப்பானிய மந்திரவாதி ஏவும் ஆவி) தொண்ணூறுகளின் வீடியோ கேம்களைப் பார்த்து அனிமேக்காரர்கள் உண்டாக்கிய பூதம் என்று ஒரு வரி வந்திருக்கிறது. அதற்குமேல் படிக்க மனம் வரவில்லை. ஆசிரியர் குழு பார்க்காமல் உங்கள் இதழில் எதுவும் அச்சேறாது என்று நம்பி வந்தவள் நான். இது எப்படித் தப்பியது?

ஹெயான் காலத்து ஜப்பானிய அரசவையில் ஒன்மியோஜிகள், அதாவது நாள்-குறி பார்த்து மந்திரம் செய்பவர்கள், பணியாற்றியதும், அவர்களில் பேர்பெற்ற அபே நோ செய்மெய் 1005-இல் இறந்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. 12-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'கொன்ஜாகு மொனொகதாரி'யிலேயே அவரைப் பற்றிய கதைகள் இருக்கின்றன. ஹரிமாவிலிருந்து ஒரு கிழவர் இரண்டு சிறுவர்களோடு வந்து, வித்தை கற்க வேண்டும் என்கிறார். தன்னைச் சோதிக்க வந்திருக்கிறார், கூட வந்த பையன்கள் ஷிகிகாமிகள் என்று செய்மெய்க்குப் புரிந்துபோகிறது. அங்கிக்குள் கையை மறைத்து மந்திரம் முணுமுணுத்துவிட்டு, 'இன்று வேலை இருக்கிறது, இன்னொரு நாள் வாருங்கள்' என்று அனுப்பிவைக்கிறார். போன கிழவர் கொஞ்ச நேரத்தில், வண்டிக் கொட்டகைகளை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டே திரும்பி வருகிறார். பையன்களைக் காணோம், திருப்பிக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறார். செய்மெய் மனமிரங்கியதும் இரண்டு பேரும் வெளியிலிருந்து ஓடி வருகிறார்கள். ஷிகிகாமியை ஏவுவது பழங்காலந்தொட்டே எளிதுதான், அடுத்தவர் ஏவியதை ஒளித்துவைப்பதுதான் யாராலும் ஆகாதது என்று சொல்லி, அந்தக் கிழவர் அவருக்கே சீடராகிவிடுகிறார். அந்தக் கதைக்காரரே 'பழங்காலந்தொட்டே' என்கிறார், ஐயா. உங்கள் கட்டுரையாளர் தொண்ணூறுகள் என்கிறார்.

அப்புறம் அந்தப் படம். கொம்பும் கோரைப்பல்லுமாக ஒரு ராட்சதனை அரைப்பக்கத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன கதையில் ஷிகிகாமி சாதாரணப் பிள்ளைகள். 986-இல் கசான் பேரரசர் அரியணையைத் துறந்து இரவில் போனதைச் சொல்லும் 'ஓககாமி'யில் அது கண்ணுக்கே தெரியாது. செய்மெய் வீட்டுக் கதவு தானாகத் திறக்கிறது, 'பேரரசர் இதோ, இப்போதுதான் வீட்டைக் கடந்து போகிறார்' என்று செய்மெய்க்கு ஒரு பதில் வருகிறது, அவ்வளவுதான். இன்னொரு தொகுப்பில், அரசவையில் செல்வாக்கு மிகுந்த ஃபுஜிவாரா நோ மிச்சினாகாவுக்குச் சூனியம் வைத்தவனைக் கண்டுபிடிக்கச் செய்மெய் காகிதத்தைப் பறவையாக மடித்து எறிகிறார். அது வெள்ளைக் கொக்காகிப் பறக்கிறது. 2001-இல் வந்த 'ஸ்பிரிட்டட் அவே' அனிமே படத்தில் டிராகனை விரட்டிக் குதறும் வெள்ளைக் காகிதக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கொக்குதான் நினைவுக்கு வந்தது. 'ஜுஜுட்சு கைசென்' அனிமே பார்க்கும் என் மகளுக்குக் கூட இந்தக் கதைகள் தெரியும்.

நான் வேலை நிமித்தமாக ஜப்பானில் இருந்தவள். கியோட்டோவில் செய்மெய் கோயிலுக்குப் போயிருக்கிறேன். தோரணவாயிலிலேயே ஐந்துமுனை நட்சத்திரம் இருக்கும். உள்ளே, பழைய இச்சிஜோ மொதோரிபாஷியின் ('திரும்பி வரும் பாலம்' என்று பொருள்) தூண்களை வைத்துச் சின்னதாக ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்திலேயே குட்டையாக ஒரு கல் ஷிகிகாமி. மனைவி பயந்ததால் ஷிகிகாமிகளை வீட்டில் வைக்காமல் அந்தப் பாலத்தடியில் குடிவைத்தார் என்று ஊரார் இன்றும் சொல்கிறார்கள். உண்மையான பாலம் கொஞ்சம் தெற்கே, போக்குவரத்துச் சாலையோரம் இருக்கிறது. கல்யாணம் நிச்சயமான பெண்கள் திரும்பி வந்துவிடக் கூடாதே என்று அதைத் தவிர்ப்பார்கள். போருக்குப் போன சிப்பாய்கள் உயிரோடு திரும்ப வேண்டும் என்று அதில் நடந்தார்கள். இதெல்லாம் வீடியோ கேமில் வந்ததா?

முன்பும் ஒருமுறை, கியோட்டோ பற்றிய பயணக் கட்டுரைக்குச் சீனக் கோயில் படத்தைப் போட்டிருந்தீர்கள். எழுதினேன். பதிலும் இல்லை, திருத்தமும் இல்லை. மொழிபெயர்ப்புக் கதைப் பக்கத்தை நிறுத்திவிட்டு 'ஜப்பானின் விநோதங்கள்' என்று ஆரம்பித்தீர்கள். சரி, இடப் பற்றாக்குறை என்று பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது கட்டுரைக்குக் கீழே இருந்த பெட்டிச் செய்தி. 'உங்கள் வீட்டுக்கு ஒரு இனுகாமி வேண்டுமா?' என்று கேட்டு, நாய் ஆவியையும் ஷிகிகாமி வகைகளில் ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள். ஷிகிகாமி ஒன்மியோஜி ஏவுவது. இனுகாமி பரம்பரையாகக் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நம்பப்பட்டது. ஷிகோகு தீவில் 'இனுகாமி வீடு' என்று பேர் வாங்கிய குடும்பங்களில் யாரும் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கமாட்டார்கள். இஸுமோ பக்கம் நரி ஆவியின் பேரில் இதே கொடுமை நடந்தது. அங்கே என்னோடு வேலை பார்த்த ஷிகோகுக்காரப் பெண், தன் பாட்டியின் தங்கைக்கு நிச்சயித்த கல்யாணம் இந்த ஒரு பேச்சால் நின்றுபோனதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னார். மற்றவர்கள் வந்ததும் பேச்சை மாற்றிவிட்டார். அதை விளையாட்டுக் கேள்வியாக்கிக் கீழே நான்கு விடைகளும் கொடுத்திருக்கிறீர்களே, எப்படி மனம் வந்தது?

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: ஷிகிகாமி ஹெயான் காலக் கதைகளிலேயே உண்டு, இனுகாமி வேறு. இணையப் பதிப்பிலிருந்து அந்தப் பெட்டிச் செய்தியை எடுத்துவிடுங்கள். இடமில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். இனுகாமி பற்றிய பத்தியை மட்டும் வெட்டவேண்டாம்.

தங்கள் நெடுநாள் வாசகி,
கோவை