பத்துக்குள் அடங்காத குற்றம்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இதழியலிலும் எழுத்துக் கலையிலும் படித்தே தீரவேண்டிய நூல்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை வாசகனாக. இரண்டாம் முறை கையில் சிவப்புப் பேனாவுடன். முப்பது வருடம் புரூஃப் பார்த்தவனுக்கு அந்தப் பேனா இல்லாமல் எதுவும் மனதில் இறங்காது.

முதலில் ஒரு சிறு திருத்தம். வில்லியம் ஸ்ட்ரங்கின் நடைக் கையேடு 1959இல் வந்ததாகக் கட்டுரை சொல்கிறது. அது அவருடைய மாணவர் ஈ.பி. ஒயிட் திருத்தி விரித்த பதிப்பின் ஆண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் தன் வகுப்பு மாணவர்களுக்காக ஸ்ட்ரங்க் அதை 1918லேயே அச்சிட்டுவிட்டார். தேவையற்ற சொற்களை நீக்கு என்பது அதன் 13ஆம் விதி. அதைச் சொல்லும்போது பேராசிரியர் மேசைமேல் சாய்ந்து, கோட்டின் மடிப்புகளை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, மூன்று முறை சொல்வாராம். வேண்டாத சொற்களையெல்லாம் வெட்டிவிட்டதால் பேச ஒன்றும் மிச்சமிருக்காது, வகுப்பு நேரமோ மிச்சமிருக்கும். அதனால்தான் மும்முறை என்கிறார் ஒயிட். சுருங்கச் சொல்லலைக் கற்பிக்கக் கூறியது கூறல்!

சுருங்கச் சொல்லல், கூறியது கூறல் என்ற இந்த இரண்டு தொடர்களும் நன்னூலில் உள்ளவை. உங்கள் பட்டியலில் நன்னூல் இல்லை என்று சண்டைக்கு வரவில்லை. இதழியல் புத்தகங்களுக்கு நடுவே 13ஆம் நூற்றாண்டு இலக்கணத்தைத் தேட யாருக்கும் தோன்றாது. ஆனால் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அதுதான். அதன் முன்னுரையான பாயிரத்தில், ஆசிரியர் பவணந்தியார் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று தொடங்கி நின்று பயனின்மையில் முடியும். அந்தச் சூத்திரத்தை ஓர் அட்டையில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். புரூஃபின் ஓரத்தில் விளக்கம் எழுத இடமிருக்காது என்பதால் வெறும் எண்ணை மட்டும் போடுவேன். ‘மிகமிகத் தலைசிறந்த’ என்று வந்தால் 2. முதல் பத்தியில் ஐந்து பேர், கடைசிப் பத்தியில் ஏழு பேர் என்றால் 4. சத்தம் மட்டும் இருந்து பொருள் இல்லாவிட்டால் 7, அதாவது வெற்றெனத் தொடுத்தல். சில மாதங்களில் நிருபர்கள் அட்டையைப் பார்க்காமலே எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். “இன்றைக்கு எனக்கு எத்தனை ஏழு?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள்.

ஒரே ஒரு எண்ணில்தான் தகராறு வந்தது. ஒன்பது: சென்று தேய்ந்து இறுதல். ஓங்கித் தொடங்கி, போகப் போக மெலிந்து, ஒன்றுமில்லாமல் முடிவது. ஒரு மூத்த நிருபரின் செய்திக்கு அதைப் போட்டுவிட்டேன். மனிதர் புரூஃபைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். “ஐயா, செய்தி என்றாலே சென்று தேய்ந்து இறுவதுதானே? அப்படி எழுதத்தானே சம்பளம் தருகிறார்கள்?” அவர் சொன்னது சரி. தலைகீழ்ப் பிரமிடு என்று நீங்கள் பட்டியலிட்ட பாடநூல்களெல்லாம் போற்றுவது இதைத்தான். முக்கியமானது மேலே, உதிரி கீழே. பக்கத்தில் இடம் குறைந்தால் கடைசிப் பத்தியை வெட்டலாம், செய்திக்குச் சேதமில்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் மொழிநடை பற்றிய 1946 கட்டுரையில் ஆறு விதி தந்தபோது, அலங்கோலமாக எழுத நேர்ந்தால் மற்ற விதிகளை மீறிவிடு என்று ஆறாவதில் தப்பிக்க வழி வைத்தார். பவணந்தியாரிடம் அந்தச் சலுகை இல்லை. அன்று முதல் செய்திகளுக்கு நானே கொடுத்துக்கொண்டேன். கட்டுரைகளுக்கு மட்டும் ஒன்பது தொடர்ந்தது.

இதையெல்லாம் சொல்லக் காரணம், ஒரு நாள் இந்த அட்டை என்னைக் கைவிட்டது. ஒரு பாராட்டு விழாச் செய்தி. தெளிவான வாக்கியங்கள், அளவான நீளம், பேச்சாளரின் நகைச்சுவைக்குக் கூட்டம் சிரித்தது வரை இருந்தது. ஓரத்தில் ஓர் எண்கூட விழவில்லை. பிற நிருபர்களுக்குக் காட்டவேண்டிய நடை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். மறுநாள் காலை தொலைபேசி வந்தது. பேச்சாளருக்கு உடல்நலம் சரியில்லாமல் விழாவே தள்ளிவைக்கப்பட்டிருந்தது. நிருபர் அழைப்பிதழைப் பார்த்து முந்தைய நாளே எழுதி வைத்துவிட்டார்.

உங்கள் கட்டுரையோடு எனக்குள்ள பிணக்கு இங்கேதான். வாக்கியத்தைச் செம்மை செய்யும் நூல்களும், வாக்கியம் உண்மைதானா என்று கேட்கும் நூல்களும் அதில் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கின்றன. முதல் வகைக்கு நான்கு பக்கம். இரண்டாம் வகைக்கு ஒரு பத்தி. அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மனின் 1922ஆம் ஆண்டு நூலைச் சொன்னீர்கள், நல்லது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு அவரும் சார்ல்ஸ் மெர்ஸும் எழுதி நியூ ரிபப்ளிக் இதழின் இணைப்பாக வந்த ஆய்வை விட்டுவிட்டீர்களே! ரஷ்யப் புரட்சி பற்றி நியூ யார்க் டைம்ஸ் மூன்றாண்டுகளில் வெளியிட்ட செய்திகளை இருவரும் உட்கார்ந்து எண்ணினார்கள். அந்தப் புரட்சியில் அமைந்த போல்ஷ்விக் ஆட்சியின் முதல் இரண்டு ஆண்டுகளில், அது கவிழப் போகிறது அல்லது கவிழ்ந்தேவிட்டது என்று 91 முறை வந்திருந்தது. யாரோ சதி செய்து பொய் எழுதவில்லை. நிருபர்கள், ஆசிரியர்கள் மனதிலிருந்த ஆசையும் அச்சமும்தான் முதன்மையான தணிக்கையாளர் என்பது அவர்கள் கண்ட முடிவு. என் அட்டையை வைத்துப் பார்த்தால் அந்த 91க்கும் அதிகபட்சம் 3 போட்டிருப்பேன், கூறியது கூறல் என்று.

அமெரிக்க நிருபர் ஜான் ஹெர்சியின் ‘ஹிரோஷிமா’வை மொழிநடைக்காகப் படிக்கச் சொல்கிறது கட்டுரை. 1946 ஆகஸ்ட் 31 நியூ யார்க்கர் இதழ் முழுவதையும் அந்த ஒரே கட்டுரைக்கு ஒதுக்கினார்கள். அது நடையழகுக்குக் கொடுத்த இடமா? அதன் முதல் வாக்கியத்தைப் பாருங்கள். காலை எட்டேகால் மணி. தோஷிகோ சசாகி என்ற குமாஸ்தா அலுவலகத்தில் தன் இடத்தில் அமர்ந்து, பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்புகிறார். அந்தக் கணத்தில் அணுகுண்டு மின்னுகிறது. அந்தத் தலைத் திருப்பல் எந்த நடைக் கையேட்டிலும் கிடைக்காது. ஒருவர் அந்த ஊருக்குப் போய், அந்தப் பெண்ணின் எதிரே அமர்ந்து, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை காத்திருக்கிறார்.

இந்தத் தலைப்பில் அடுத்த பகுதி வருமானால், கேட்பதையும் சரிபார்ப்பதையும் பற்றிய நூல்களுக்கும் நான்கு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன்.

சென்ற இதழ்க் கட்டுரையில் நான் போட்ட எண்கள்: 2 மூன்று இடத்தில், 6, அதாவது மயங்க வைத்தல், ஓரிடத்தில். அந்தப் பக்கங்களைக் கிழித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு நீங்கள் 8, அதாவது மற்றொன்று விரித்தல், போடக்கூடும், மறுக்க மாட்டேன். இடம் போதாமல் வெட்டுவதானால் வழக்கம்போலக் கீழிருந்து வெட்ட வேண்டாம். ஸ்ட்ரங்க் பத்தியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புரூஃப் திருத்துநர் ஒருவர்