கதவை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஒரு படம் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் வாகனப் பக்கத்தில் போன வாரம் வந்த ஸ்போர்ட்டி காம்பேக்ட் எஸ்யூவி கான்செப்ட் (விற்பனைக்கு வராமல் கண்காட்சிக்காகச் செய்யும் மாதிரி வண்டி) பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் ஏழு படங்களில் ஆறு வெளியே நின்று எடுத்தவை. உள்ளே எடுத்த அந்த ஒன்றும் டிரைவர் கதவைத் திறந்துவைத்து டேஷ்போர்டைப் பார்த்து எடுத்தது. கதவை மூடிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தால் வெளியே என்ன தெரியும் என்று காட்டும் படம் ஒன்றுகூட இல்லை, கட்டுரையிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 18 வருடமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வகை வண்டிகள் எனக்குப் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீளம் குறைந்த, உயரமான ஒரு பெட்டியைப் பாயத் தயாராக நிற்கும் விலங்கு மாதிரி காட்டுவது லேசுப்பட்ட வேலையா? ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நீளமாக, தாழ்வாக இருக்கும். காம்பேக்ட் எஸ்யூவி அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே வண்டியில் கொண்டுவர டிசைனர்கள் செய்கிற காரியங்கள் ஒவ்வொன்றும் கவனித்துப் பார்க்க வேண்டியவை. சக்கர வளைவைச் சுற்றியும் கதவுக்கு அடியிலும் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஓடுகிறதே, கல் தெறித்தால் பெயின்ட் போகாமல் அது காப்பாற்றும் என்பது உண்மைதான், ஆனால் அதன் பெரிய வேலை வேறு. நம் கண் பெயின்ட் அடித்த பகுதியை மட்டும்தான் வண்டியின் உடம்பாக எடுத்துக்கொள்கிறது, கறுப்பை விட்டுவிடுகிறது. அதனால் உடம்பு ஒல்லியாகி, வண்டி தரையை விட்டுத் தூக்கி நிற்பது போலத் தெரிகிறது. ஜன்னல்களுக்கு இடையில் இருக்கும் பில்லர்களுக்குக் கறுப்பு அடித்தால் கூரை தனியாக மிதக்கிறது. பம்பருக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு தெரியும், பெரும்பாலான வண்டிகளில் அதுவும் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்தான். கான்செப்ட் வண்டிகளின் சக்கரங்கள் எப்போதும் பெரிதாக இருக்கும், சிலதில் வண்டி உயரத்தில் கிட்டத்தட்ட பாதிக்கு வந்துவிடும், டயர் மெல்லிய வளையமாகத் தெரியும். தயாரிப்புக்கு வரும்போது சக்கரம் சிறிதாகிவிடுகிறது, ஏனென்றால் பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியைத் தாங்குவது டயரின் பக்கச்சுவர், அது இல்லாவிட்டால் அடி நேராக முதுகுக்குத்தான் வரும்.

இதெல்லாம் சரி. யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நஷ்டம் வருவது இன்னொரு கோட்டில்.

ஜன்னலுக்குக் கீழே முன்னிருந்து பின்னுக்கு ஓடும் கோட்டைக் கவனித்திருப்பீர்கள். பழைய வண்டிகளில் அது தரைக்கு இணையாகப் போகும். ஸ்போர்ட்டியாகத் தெரிய வேண்டும் என்றால் அதைப் பின்னால் போகப் போக மேலே ஏற்றுகிறார்கள், கூரையைப் பின்னால் போகப் போகக் கீழே இறக்குகிறார்கள். ஏறும் கோடும் இறங்கும் கோடும் சேருகிற இடத்தில் கண்ணாடி ஆப்பு மாதிரி கூராகி முடிந்துவிடுகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டியும் ஓடுவது போலத் தெரிவது அந்த ஆப்பால்தான். 2008ல் டெட்ராய்ட் கண்காட்சியில் லேண்ட் ரோவர் எல்ஆர்எக்ஸ் என்ற கான்செப்ட்டை நிறுத்தியது, அதே உருவம் பெரிய மாற்றம் இல்லாமல் 2011ல் ரேஞ்ச் ரோவர் இவோக் ஆக வந்தது. அழகான வண்டி, இன்றைக்கும் திரும்பிப் பார்ப்பேன். அந்த ஆப்பு இவ்வளவு பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கான்செப்ட் என்பது கண்காட்சி மேடையோடு முடிந்துபோகிற பொம்மை என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்: மேடையில் நாம் கைதட்டிய கோடு மூன்று வருடத்தில் தெருவுக்கு வந்துவிடுகிறது.

என்னிடம் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பாடம் உண்டு. வண்டி நின்றபடி இருக்கும், என்ஜின் ஓடாது. அவர்கள் டிரைவர் சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்து, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நான் இரண்டரை அடி உயரமுள்ள ஒரு சிவப்பு ஸ்டூலை பின்பம்பரை ஒட்டி வைத்துவிட்டு, அதை ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்திக்கொண்டே போவேன். ஸ்டூலின் தலை கண்ணில் பட்டவுடன் ஹாரன் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டரை அடி என்பது நடக்கத் தொடங்கிய குழந்தையின் உயரம். எங்களிடம் முன்பு இருந்த நேர்ச் சுவர் மாதிரி பின்பக்கம் கொண்ட பழைய வண்டியில் ஐந்தாவது அடியில் ஹாரன் கேட்கும். பிறகு வந்த ஸ்போர்ட்டி வண்டியில் பதினோராவது அடியில்தான் கேட்டது. உயரம் குறைந்த ஒரு மாணவி அதற்குப் பிறகும் அடிக்கவில்லை, நான் கையை ஆட்டினேன், "சார், உங்க தலை தெரியுது, ஸ்டூல் இல்லை" என்றாள். ஐந்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறு அடி எங்கே போனது என்று தேடினால், அந்த ஆப்புக்குள்தான் போயிருக்கிறது.

ரிவர்ஸ் கேமரா இருக்கிறதே என்று உடனே பதில் வரும். இருக்கிறது, நல்ல விஷயம், அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார் எல்லாவற்றிலும் அது கட்டாயம். ஆனால் மழையில் சேறு தெறித்த லென்ஸில் என்ன தெரியும் என்று ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். அப்புறம், பெரும்பாலான வண்டிகளில் கேமரா ரிவர்ஸ் கியர் போட்டால்தான் விழிக்கும். பாதை மாறும்போது பக்கத்தில் பின்தங்கி வரும் பைக்கைப் பார்ப்பதற்குத் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறோமே, அந்த இடத்தில் இப்போது இருப்பது தகடும் பஞ்சும். அரை விநாடியில் திரும்பிப் பார்த்தவர் வெறும் கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று நினைத்து ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். கற்றுக்கொள்கிறவர்கள் இப்படித் திருப்பும்போது பக்கத்து சீட்டில் என் கால் பிரேக்குக்குப் போய்விடும், எத்தனை முறை என்று கணக்கு வைக்கவில்லை.

பின்சீட்டுக்கு வருகிறேன். ஏறும் கோட்டின் முழு விலையையும் கொடுப்பது அங்கே உட்காருகிற பிள்ளைகள்தான். பெரியவருக்குக் கழுத்து உயரத்தில் இருக்கும் ஜன்னலின் கீழ்விளிம்பு, ஆறு வயசுப் பிள்ளைக்குத் தலைக்கு மேலே போய்விடுகிறது. முன்னாலாவது பார்க்கலாம் என்றால் ஸ்போர்ட்ஸ் சீட் என்று முதுகும் தலையணையும் ஒன்றாகச் சேர்ந்த பலகை நிற்கிறது. வண்டியில் வாந்தி வருவது ஏன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: உள்காது அசைவை உணர்கிறது, கண்ணோ அசையாத சீட்டின் முதுகைப் பார்க்கிறது, இரண்டும் ஒத்துப்போகாமல் மூளை குழம்புகிறது. ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பார் என்று பாட்டி சொன்ன வைத்தியம் சரியான வைத்தியம். அதற்கு ஜன்னல் வேண்டும்.

கதவுக் கைப்பிடியையும் சொல்ல வேண்டும். டொயோட்டா 2014ல் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய சி-எச்ஆர் கான்செப்ட்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான், கூபே என்கிற இரண்டு கதவு ஸ்போர்ட்டி கார் போல. 2016ல் தயாரிப்பு வடிவம் வந்தபோது பின்கதவு சேர்ந்தது, ஆனால் கூபே தோற்றம் போகக் கூடாது என்பதற்காகப் பின்கதவின் கைப்பிடியை ஜன்னலின் பின்மூலையில் உயரத்தில் மறைத்துவைத்தார்கள். நிசான் ஜூக்கிலும் அப்படித்தான். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் இடுப்பு உயரத்தில் கைப்பிடியைத் தேடுகிற பிள்ளைக்கு அது எட்டாது, முதல்முறை ஏறுகிற வயசானவருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, ஓட்டுகிறவர் இறங்கி வந்து திறந்துவிட வேண்டும்.

உள்ளலங்காரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றும் அதே நிசானில் இருந்து வந்ததுதான். 2009ல் ஜெனீவாவில் காட்டிய கஸானா என்ற கான்செப்ட்டில் இரண்டு சீட்டுக்கும் நடுவில் மோட்டார் சைக்கிள் பெட்ரோல் டேங்க் மாதிரி ஒரு வடிவத்தை வைத்தார்கள், 2010ல் ஜூக் வந்தபோது அதை விடாமல் கொண்டுவந்தார்கள். வண்டிக்குள் கால் வைத்தவுடனே பைக்கில் ஏறிய ஞாபகம் வருகிற மாதிரி ஒரு யோசனை, யாருடைய பார்வையையும் மறைக்காமல், யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல். ஸ்போர்ட்டி என்றால் இப்படி இருக்கலாமே.

உங்கள் கட்டுரையில் பாராட்டியிருந்த ஓரத்துக்கு ஓரம் நீளும் திரைக்கு வருகிறேன். "பட்டன்களே இல்லாத சுத்தமான டேஷ்போர்டு" என்று எழுதியிருந்தீர்கள். மழையில் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்துவிட்டால் மாணவர் கண்ணை ரோட்டில் வைத்தபடியே கையை நீட்டி ஒரு குமிழைத் திருகிக் காற்றைத் திருப்ப வேண்டும், அதைத்தான் நான் சொல்லிக்கொடுக்கிறேன். விரலுக்குக் குமிழின் மேடு பள்ளம் தெரியும். கண்ணாடித் திரையில் விரலுக்கு ஒன்றும் தெரியாது, கண் கீழே இறங்கியே ஆக வேண்டும். ஸ்வீடனில் ஒரு வாகனப் பத்திரிகை 2022ல் இதை அளந்து பார்த்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியபடி சில எளிய வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் உள்ள 2005ஆம் வருடத்து வண்டியில் 10 விநாடியில் முடிந்தது, அதாவது 300 மீட்டர் சொச்சம். புதிய வண்டிகளில் மிகவும் தாமதமானதற்குக் கிட்டத்தட்ட 45 விநாடி ஆனது, அதற்குள் வண்டி 1.3 கிலோமீட்டருக்கு மேல் போயிருந்தது. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், ஹசார்ட் விளக்கு, அவசர அழைப்பு ஆகியவற்றுக்குக் கையால் தொட்டு அறியும் விசைகள் இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுகிறது. காசு மிச்சம் பிடிக்கத்தான் பட்டனை எடுக்கிறார்கள் என்பது என் எண்ணம், எழுதுகிறவர்களாவது அதைச் சுத்தம் என்று பெயர் வைத்துப் பாராட்டாமல் இருக்கலாம்.

வித்தியாசமாகவும் இருந்து உபயோகமாகவும் இருந்த கான்செப்ட்டே இல்லையா என்றால், உண்டு. 2013ல் ஃபிராங்ஃபர்ட்டில் சிட்ரோயன் காட்டிய காக்டஸ். கதவின் வெளிப்பக்கத்தில் காற்று அடைத்த மெத்தென்ற பிளாஸ்டிக் திண்டுகள் ஒட்டியிருக்கும், பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக் கதவு இடித்தால் நெளியாது. அடுத்த வருடமே அது சி4 காக்டஸ் என்று விற்பனைக்கு வந்தபோது, முன்சீட்டில் பக்கத்தில் உட்காருகிறவருக்கான ஏர்பேகைக் கூரைக்கு மாற்றி, டேஷ்போர்டில் பெட்டி மாதிரி மேலே திறக்கும் பெரிய அறை ஒன்றைக் கொடுத்தார்கள். குறையும் இருந்தது, பின்ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது, கொஞ்சம் வெளியே தள்ளித் திறக்கலாம், அவ்வளவுதான். ஆனாலும் கண்ணில் படுகிற அந்தத் திண்டுக்கு ஒரு வேலை இருந்தது.

முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1938ல் வந்த பியூக் ஒய்-ஜாப். ஜெனரல் மோட்டார்ஸில் டிசைன் தலைவராக இருந்த ஹார்லி ஏர்ல் உருவாக்கியது. மூடிக்கொள்ளும் ஹெட்லைட், மின்சார ஜன்னல் எல்லாம் அப்போதே அதில் இருந்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதை அவர் கண்காட்சியோடு விட்டுவிடவில்லை, பல வருடம் தன் சொந்த வண்டியாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். மழையிலும் ரிவர்ஸிலும் அந்த வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்று வரைந்தவருக்கே தெரிந்திருக்கும்.

இன்றைய டிசைனர்களிடம் அதைக் கேட்க எனக்கு வழி இல்லை. உங்களிடம் கேட்கலாம். அடுத்த முறை இப்படி ஒரு வண்டி வரும்போது, உங்கள் நிருபர் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி உள்ளே ஏறி உட்காரட்டும். நான்கு கதவையும் மூடிவிட்டு டிரைவர் சீட்டிலிருந்து பின்னால் பார்த்து ஒரு படம், பிறகு பின்சீட்டில் கேமராவை ஒரு சின்னப் பிள்ளையின் கண் உயரத்தில் வைத்து இன்னொரு படம். அந்த இரண்டையும் முகப்புப் படத்தின் அளவிலேயே போடுங்கள். மேடையில் உள்ளே ஏற விடவில்லை என்றால், விடவில்லை என்று கட்டுரையில் எழுதுங்கள், அந்தத் தகவலும் எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் உங்கள் வாசகர்