மருமகன் அந்தப் படிப்பில் சேரட்டும்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். உன் சுகம் அறிய ஆவல். இதைப் போனிலேயே கதைத்திருக்கலாம். ஆனால் வேலைக்குப் போகிற அவசரத்தில் நீ பாதியைத்தான் கேட்பாய், நானும் சொல்ல வந்ததை விட்டு வேறெங்கோ போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

மருமகனோடு உனக்கு வாக்குவாதம் வந்தது எனக்குத் தெரியும். அவர் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தவர், வழக்கமாக உன்னைப் பற்றித்தான் முதலில் கதைப்பார், அன்றைக்கு அமெரிக்காவில் உன்னிடம் வருவதற்கான விசாக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டியபடி இருந்தார். அம்மா பக்கத்தில் இருந்து கேட்கக் கேட்கத்தான் படிப்பு விஷயம் வெளியே வந்தது. கட்டட வேலைக்கான அளவும் செலவும் கணக்கிடுகிற குவாண்டிட்டி சர்வே டிப்ளோமா, வார இறுதி வகுப்பு, ஒன்றரை வருஷம். சேர விருப்பம் என்று உன்னிடம் சொன்னாராம். "நடுவில் விசா வந்தால் காசும் போய், படிப்பும் போய்விடுமே, பேசாமல் இருங்கோ" என்று நீ சொன்னாயாம். அவரும் பேசாமல் இருந்துவிட்டார். எனக்கு அதுதான் கவலை.

உன் பயம் விளங்காமல் இல்லை. ஒவ்வொரு நாளும் விசா எந்த நிலையில் என்று காட்டுகிற அந்த இணையத்தளத்தைத் திறந்து பார்க்கிறாய். ஒரே வரிதான் நிற்கிறது. நாளைக்கே மாறிவிடும் என்ற நினைப்பில்தான் இரண்டு பேரும் எதையும் தொடங்காமல் இருக்கிறீர்கள். ஆனால் இந்த விசா அப்படித் திடீரென்று வந்து கதவைத் தட்டுகிற விசா இல்லை, பிள்ளை. அது எப்படி நகர்கிறது என்பதை நான் கொஞ்சம் கொஞ்சமாக வாசித்து விளங்கிக்கொண்டேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருமுறை ஒழுங்காக வைத்துப் பார்.

நீ அங்கே நிரந்தரமாக வாழ அனுமதிக்கிற கிரீன் கார்ட் உள்ளவள், குடியுரிமை இல்லை. அதனால் உன் கணவர் எஃப்2ஏ என்ற பிரிவில் வருகிறார். அமெரிக்கக் குடிமகளின் கணவருக்கு வருஷத்துக்கு இத்தனை பேர்தான் என்ற எல்லை கிடையாது. உங்கள் பிரிவுக்கு இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் நிரந்தர வதிவாளரின் குடும்பங்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள் 114,200. அதில் நூற்றுக்கு 77 பங்கு, அதாவது சுமார் 88 ஆயிரம், கணவன் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும். உலகம் முழுவதற்கும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு எத்தனை லட்சம் பேர் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அந்த எண்ணிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.

2019 ஜூலையில் இருந்து சில வருஷம் இந்தப் பிரிவுக்கு வரிசையே இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் திரும்பவும் வரிசை வந்துவிட்டது. உங்கள் கலியாணம் அதற்குப் பிறகு நடந்தது, அவ்வளவுதான். இதில் நீ விட்ட பிழை எதுவும் இல்லை, அவர் விட்ட பிழையும் இல்லை. "போகமுன்னமே கலியாணத்தைப் பதிவு செய்திருந்தால் உனக்கு விழுந்த லாட்டரி விசாவிலேயே இரண்டு பேரும் ஒன்றாகப் போயிருக்கலாமே" என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். கேட்கட்டும். நீ விமானம் ஏறின நேரம் அவர் யார் என்றே உனக்குத் தெரியாது. அதைப் போய் யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

எனக்கு மனம் ஆறாத விஷயம் வேறு. தற்காலிக வேலை விசாவான எச்-1பியில் போனவர், மனைவியை எச்-4 என்ற குடும்ப விசாவில் கூட்டிக்கொண்டு போகலாம். படிக்கப் போன மாணவனும் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கெல்லாம் இப்படி வருஷக் கணக்கு வரிசை இல்லை. அங்கேயே நிரந்தரமாக வாழ்ந்து, உழைத்து, வரி கட்டுகிற நீதான் காத்திருக்க வேண்டும். இது நியாயமில்லை என்று அந்த நாட்டுக் காங்கிரசுக்கே ஒரு காலம் விளங்கியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் வி விசா என்று ஒன்று கொண்டுவந்தார்கள். மனுப் போட்டு மூன்று வருஷம் காத்திருந்த கணவன் மனைவி அங்கே வந்து, ஒன்றாக இருந்தபடியே மிச்சக் காலத்தைக் காத்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் டிசம்பர் 21ஆம் திகதிக்குள் மனுப் போட்டவர்களுக்கு மட்டும். அதை மூடாமல் விட்டிருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு உதவியிருக்கும். ஆட்களைக் குறைவாக எடுப்பது அவர்கள் விருப்பம். கட்டின கணவனையும் மனைவியையும் இரண்டு நாட்டில் வைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

சரி, படிப்புக்கு வருகிறேன்.

மருமகனின் இடம் வரிசையில் எங்கே என்பது கணவருக்காக நீ போட்ட ஐ-130 மனு அங்கே கிடைத்த திகதியில் இருக்கிறது. அதைத்தான் முன்னுரிமைத் திகதி என்கிறார்கள். மாதா மாதம் விசா புலட்டின் என்ற அறிவித்தல் வருகிறது. அதில் இரண்டு அட்டவணை. ஒன்று ஆவணங்களை அனுப்பத் தொடங்கலாம் என்கிற திகதி, மற்றது விசாவே கொடுக்கலாம் என்கிற திகதி. முதல் அட்டவணை பெரும்பாலும் கொஞ்சம் முன்னால் ஓடும். அது உங்கள் திகதியைத் தொட்ட பிறகு டிஎஸ்-260 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், பொலிஸ் அறிக்கை, பிறப்புப் பத்திரம், விவாகப் பதிவு எல்லாவற்றையும் தேசிய விசா நிலையத்துக்கு ஏற்ற வேண்டும். அவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகும் இரண்டாவது அட்டவணை வரும்வரை இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொழும்புத் தூதரகத்தில் நேர்முகத் திகதி, மருத்துவப் பரிசோதனை. ஒவ்வொன்றுக்கும் இடையில் வாரங்களும் மாதங்களும் போகும். விசா கையில் வந்த பிறகும் அன்றைக்கே பறக்க வேண்டும் என்றில்லை. வழக்கமாக ஆறு மாதம் வரை அவகாசம் இருக்கும். அந்தத் திகதி சில மாதம் சில வாரம் நகரும், சில மாதம் அசையாது, பின்னுக்கும் போயிருக்கிறது. ஆனால் வருவதாக இருந்தால் வெகு முன்னாலேயே தெரியும். அந்த அறிவித்தல் வந்த பிறகு படிப்பை என்ன செய்வதென்று யோசிக்கலாம். வராத ஒன்றுக்காக இப்போதே ஏன் நிறுத்துவது?

அதோடு, அந்தப் படிப்பால் விசாவுக்கு ஒரு தடையும் இல்லை. அங்கே வந்து வேலை தேடுகிற நேரம் கையில் ஒரு சான்றிதழ் இருந்தால் அவருக்குத்தானே நல்லது. இப்போது அவர் வரைபட வேலையிலேயே இருக்கிறார். கம்பனியில் மேலே போகிற இடம் வந்தபோதும் "நான் எப்படியும் போகிற ஆள்தானே" என்று தானே ஒதுங்கிக்கொண்டார். கலியாண வீடு, பிறந்தநாள் என்று கூப்பிட்டாலும் இப்போது வருவது குறைவு. போனால் எல்லாரும் "எப்ப தம்பி போறீங்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு ஆம்பிளை, வயது முப்பது கடந்தவர், எத்தனை தரம் "இன்னும் தெரியாது" என்று சொல்லுவார்? சனி ஞாயிறு அவருக்குப் போக ஒரு இடம் வேண்டும். தன் பெயரில் முன்னேறுகிற ஒரு காரியம் வேண்டும்.

உன் சிநேகிதி சொன்ன யோசனையையும் அம்மா சொன்னாள். சுற்றுலா விசாவுக்கு இன்னொரு தரம் போடலாம், கிடைத்தால் வந்து அங்கேயே நின்றுவிடலாம் என்று. அதை மனதில் இருந்து எடுத்துவிடு. முதல் தரம் அவருக்கு மறுத்தது 214(பி) என்ற பிரிவின் கீழ். தற்காலிகமாக வருகிறேன் என்று விண்ணப்பிக்கிற ஆளை, திரும்பிப் போகமாட்டார் என்றே எடுத்துக்கொண்டு தொடங்குகிற சட்டம் அது. இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விண்ணப்பிக்கிறவர். மனைவி அங்கே, குடிவரவு மனுவும் நிலுவையில், அவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? ஆளைக் குறைத்து மதிப்பிட்ட மறுப்பு இல்லை அது. அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார், நீ ஒருமுறை வாய்விட்டுச் சொல்.

கிடைத்தாலும் தங்கிவிடுவது ஆபத்து. குடிமகளின் கணவர் விசா முடிந்து தங்கியிருந்தாலும் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாற வழி இருக்கிறது. உன் பிரிவில் அந்தச் சலுகை இல்லை. 180 நாளுக்கு மேல் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால் மூன்று வருஷம் உள்ளே விடமாட்டார்கள், ஒரு வருஷம் இருந்தால் பத்து வருஷம். நேர்வழியில் வந்த உன் கோப்பில் அப்படி ஒரு கறை விழ வேண்டாம்.

மற்றப் பக்கம், நீ வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து அவரோடு ஒரு வருஷம் இருந்துவிடுகிறேன் என்று போன முறை அழுதாய். உன்னைப் பார்க்க எங்களுக்கு ஆசையில்லையா? ஆனால் ஒரேயடியாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் குடியுரிமைக்கான தொடர் வதிவு முறிந்ததா என்ற கேள்வி வரும். ஒரு வருஷம் ஆனால் முறிந்தே போகும். கிரீன் கார்டுக்கும் பிரச்சினை. கார்ட் கிடைத்து ஐந்து வருஷம் ஆகிறதற்கு 90 நாள் முன்னாலேயே குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நீ குடியுரிமை எடுத்த நாளில் அவர் அந்த வரிசையை விட்டே வெளியே வந்துவிடுவார். புதிதாக மனுப் போடவும் தேவையில்லை, உன் சான்றிதழின் பிரதியை விசா நிலையத்துக்கு அனுப்பினால் அதே மனுவை மாற்றிக்கொள்வார்கள். வரிசை முதலில் வருமோ, உன் ஐந்து வருஷம் முதலில் வருமோ, இரண்டு வழியும் திறந்திருக்கட்டும். அதனால் லீவு கிடைக்கிற போதெல்லாம் சில வாரம் வந்து போ. நீண்ட காலம் வேண்டாம். டிக்கெட்டுக்குச் செலவழிக்கிற காசை வீண் என்று நினைக்காதே. வந்து போன முத்திரை கடவுச்சீட்டில் இருப்பது உங்கள் கோப்புக்கும் பலம்.

கோப்பைப் பற்றியும் நீ அவரைக் குறை சொன்னாயாம், கவனமில்லை என்று. அது சரியில்லை, பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பார்த்தோம். கடவுச்சீட்டில் அவருடைய தகப்பனார் பெயர் ஒரு மாதிரி, பிறப்புப் பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பில் வேறு மாதிரி. ஓர் எச் கூடுதல், கடைசியில் ஒரு எம் இல்லை. அதைக் கண்டுபிடித்தது அவர்தான். விரலை ஒவ்வோர் எழுத்தின் கீழும் வைத்துக்கொண்டு போனார். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துத் திருத்த இந்த வாரமே போகிறார். நேர்முகத்தில் அதிகாரி கையில் அது அகப்பட்டிருந்தால் இன்னும் எத்தனை மாதம் இழுத்திருக்குமோ.

ஒன்று மட்டும் அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அனுப்பிக்கொண்ட செய்திகளை அச்செடுத்து வைக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உன் சொற்களை முன்பின் தெரியாத ஆள் வாசிப்பதா என்று கூச்சப்படுகிறார். எல்லாம் தேவையில்லை. நீ அனுப்பின காசுக்கான பற்றுச்சீட்டு, இரண்டு குடும்பமும் நிற்கிற படங்கள், பயணச் சீட்டு, அழைப்பு விபரப் பட்டியல் இவையே நிறையச் சொல்லும். அந்தரங்கமானவை உங்களோடேயே இருக்கட்டும். மருத்துவப் பரிசோதனையையும் நேர்முகத் திகதி வரமுன் செய்துவிட வேண்டாம் என்று சொல். அது பெரும்பாலும் ஆறு மாதம்தான் செல்லுபடியாகும்.

உன் பக்கத்து வேலை, அவரைப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்கிற ஐ-864 பத்திரம். குடும்பத்தின் அளவுக்கு வறுமைக் கோட்டின் 125 வீதம் வருமானம் காட்ட வேண்டும். உனக்கு அது பிரச்சினை இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போடமுன் முழுதாக வாசி. அவர் குடியுரிமை எடுக்கும்வரை, அல்லது 40 காலாண்டு வேலை செய்யும்வரை அந்தப் பொறுப்பு உன்னுடையது. வரிக் கணக்குப் பிரதிகளை இப்போதே ஒரு பக்கம் எடுத்து வை.

இனி நீங்கள் கதைக்கிற நேரம் எல்லாம் விசாவாக இருக்க வேண்டாம். புலட்டின் வருகிற நாளில் அதைப் பாருங்கள், கதையுங்கள், முடித்துவிடுங்கள். மிச்ச நாளில் உன் வேலையைச் சொல், அவர் வகுப்பைக் கேள். நீ இப்போது இரவு வேலைக்கு மாறினதே அவருக்கு என் வாயால்தான் தெரிய வந்தது. அது எனக்கு நல்லதாகப் படவில்லை.

டிப்ளோமாவுக்கு விண்ணப்பம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நான் சொன்னால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டுப் போவார், சேரமாட்டார். நீ சொன்னால் சேருவார். கடிதம் கிடைத்த அன்றே போன் எடு. நான் எழுதினதாகச் சொல்ல வேண்டாம், உன் சொந்த விருப்பமாகவே சொல்.

அன்புடன்,
அப்பா