பேஸ் குரல் பாட ஆள் இல்லை, மக்கா

அன்புள்ள மக்கா,

கோயிலுக்கும் உன் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. இரண்டாம் மணி அடித்தால் உன் மாடிக்குக் கேட்கும். அப்படியிருந்தும் போன ஞாயிறு ஆராதனையை நீ யூடியூபில்தான் பார்த்தாய். அதுவும் சாயங்காலம், பிரசங்கத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி. நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, பாடகர் குழு பெஞ்சுக்கு எதிரே ஸ்டாண்டு போட்டு செல்போனை மாட்டியவன் நான்தான். ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. பவனி இல்லை, ஓலை இல்லை. போதகர் ஐயர், கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை, நான். அப்புறம் கதவு திறந்தது, மூடியது, திறந்தது. 2022 ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் மூடச் சொன்னார்கள். ஞாயிறு போனால் நமக்கு மிச்சம் என்ன? அதற்குள் காப்பி டம்ளரோடு ஆராதனை பார்ப்பது பழகிவிட்டது.

உலகம் முழுக்க இதுதான் நிலை என்று காலப் (Gallup) என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கை எடுத்து வைத்தாய். அமெரிக்காவில் ஏதாவதொரு வழிபாட்டுத்தலத்தில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999இல் 70 சதவீதம், 2020இல் 47. சரி. ஆனால் நம் ஊர்க்காரன் சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க மாட்டான். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (கோயிலில் திருமண அறிவிப்பு சொல்ல) வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும். சங்கக் காணிக்கையை ஜிபேயில் போட்டுவிட்டு வீட்டில் இருப்பான். சபைத் தேர்தல் சண்டையைப் பார்த்து வெறுத்துப்போனதாகவும் சொன்னாய். அதில் நியாயம் இருக்கிறது, நான் வாதாடவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. ஊரடங்கில் ஒருநாள் ஜூமில் சேர்ந்து பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து பாடிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? ஒருவர் குரல் அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். நான் முதல் அடியை முடிக்கும்போது நீ பாதியில் இருந்தாய். மேல்குரல் பாடும் சோப்ரானோ பெண்கள் ஆமெனே சொல்லிவிட்டார்கள். பிரசங்கம் கேட்க செல்போன் போதும். நாலு குரலில் பாட ஒரே இடத்தில் நிற்கத்தான் வேண்டும்.

இப்போது பேஸ் என்கிற அடிக்குரல் பக்கம் பெரியவர் ஒருவர்தான் மிச்சம். அவருக்கும் மூச்சு வாங்குகிறது. அதற்கு மேலே உள்ள என் டெனர் குரலை விட்டுவிட்டு நான் அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். ரொம்பக் கீழே போனால் வாயை மட்டும் அசைக்கிறேன். நேரலையில் உற்றுப் பார்த்தால் உனக்கே தெரியும்.

கேமராவை எடுக்கச் சொல்லவில்லை. உன் அம்மா படுக்கையிலிருந்து டிவியைப் பார்த்து ஆமென் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது வேண்டும். நற்கருணையை ஐயர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். துபாய்க்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளுக்கும் கேமரா வேண்டும். உன் முழங்கால் நன்றாகத்தானே இருக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் பயிற்சி. உன் பாமாலை அலமாரியில் அதே இடத்தில்தான் இருக்கிறது. அட்டையை மட்டும் பூச்சி அரித்துவிட்டது.